கோப்புகளுக்குச் சுவர் உண்டு, திரைக்கு?

முன்பின் தெரியாத ஒரு நிரலை இணையத்திலிருந்து இறக்கிக் கணினியில் திறக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பழைய வடிவத்தில் இருக்கும் ஒரு கோப்பைப் படிக்க வேண்டியிருக்கிறது. அதற்கென்று யாரோ எழுதிய சிறிய நிரல் கிடைத்திருக்கிறது. இருமுறை சொடுக்கியதும் ஒரு சாளரம் விரிகிறது. அந்த நொடியில் அந்த நிரலுக்கு எவ்வளவு அதிகாரம் போய்ச் சேர்ந்தது? உங்களுக்கு இருக்கும் அதிகாரம் முழுவதும் போய்ச் சேர்ந்துவிட்டது. உங்கள் ஆவணங்களை அது படிக்கலாம். புகைப்படங்களை அழிக்கலாம். உலாவி சேமித்து வைத்திருக்கும் கடவுச்சொற்களின் கோப்பை எடுத்து வெளியே அனுப்பலாம். இதற்கெல்லாம் நிர்வாகியின் கடவுச்சொல்லை அது கேட்க வேண்டிய தேவையே இல்லை.

புதிதாகக் கற்பவர்களிடம் இதைச் சொன்னால் பலர் நம்ப மறுக்கிறார்கள். நிர்வாகி அனுமதி கேட்காத நிரலால் என்ன செய்துவிட முடியும் என்று கேட்கிறார்கள். நிர்வாகிக் கணக்கின் பூட்டு காப்பது இயங்குதளத்தை. இயங்குதளம் கெட்டால் ஒரு மணி நேரத்தில் மறுபடி நிறுவிக்கொள்ளலாம். பல ஆண்டுக் கடிதங்களும் குழந்தையின் முதல் புகைப்படமும் சாதாரணப் பயனராகிய உங்கள் பெயரில்தான் இருக்கின்றன. அவை போனால் எங்கிருந்தும் மறுபடி இறக்க முடியாது.

அப்படியானால், சந்தேகத்துக்குரிய நிரலை உங்கள் பெயரில் இயக்காமல் வேறொரு பயனரின் பெயரில் இயக்கினால் என்ன? நல்ல யோசனை. மிகப் பழைய யோசனையும்கூட. ஆனால் சாளரம் திறக்கும் நிரல்களைப் பொறுத்தவரை இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டை எங்கே இருக்கிறது, அதை எப்படி அடைப்பது என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். லினக்ஸ் கணினியை வைத்துத்தான் பெரும்பாலும் பேசப் போகிறேன். விண்டோஸ் பற்றிக் கடைசியில் கொஞ்சம்.

பயனர் என்பது ஓர் எண்

இயங்குதளத்தின் கருவுக்கு, அதாவது கெர்னலுக்கு, உங்கள் பெயர் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஓர் எண். பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் முதல் சாதாரணப் பயனருக்கு 1000 என்ற எண் கிடைக்கும், அடுத்தவருக்கு 1001. ரூட் எனப்படும் தலைமை நிர்வாகிக்கு 0. இயங்கிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலின் மீதும் இந்த எண் ஒட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு கோப்பின் மீதும் உரிமையாளரின் எண் எழுதப்பட்டிருக்கும். ஒரு நிரல் ஒரு கோப்பைத் திறக்கக் கேட்கும்போது கெர்னல் இரண்டு எண்களையும் கோப்பின் அனுமதிகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, சரி அல்லது முடியாது என்று சொல்லும்.

யுனிக்ஸ் பிறந்த காலத்திலிருந்து, அதாவது 1969க்குப் பிந்தைய சில ஆண்டுகளிலிருந்தே, இந்த ஏற்பாடு இருக்கிறது. ஒரே பெரிய கணினியைப் பலர் பகிர்ந்துகொண்ட காலத்தில் ஒருவர் கோப்பை இன்னொருவர் தொடாமலிருக்க வகுத்த முறை இது. இதன் வலிமையை ஆண்ட்ராய்டு உருவாக்கியவர்கள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். முதல் ஆண்ட்ராய்டு கைபேசி 2008இல் வந்தது. அதிலிருந்தே ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனிப் பயனர் எண் கொடுப்பதுதான் அதன் அடிப்படைப் பாதுகாப்பு. ஒரு விளையாட்டுச் செயலி உங்கள் வங்கிச் செயலியின் கோப்புகளைப் படிக்க முடியாமல் இருப்பதற்கு முதல் காரணம், கெர்னலின் பார்வையில் அவை இரண்டும் இரண்டு வேறு மனிதர்கள் என்பதே.

மேசைக் கணினியில் இதையே நீங்களும் செய்யலாம். "விருந்தாளி" என்று ஒரு கணக்கை உருவாக்குங்கள். அந்தப் பெயரில் இயங்கும் நிரலுக்கு, உங்கள் சொந்தக் கோப்புகள் எல்லாம் இருக்கும் முகப்புக் கோப்புறை மூடிய கதவு. உண்மையிலேயே மூடியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் 21.04 பதிப்பு வரும் வரை, புதிதாக உருவாக்கப்படும் முகப்புக் கோப்புறையை அதே கணினியில் உள்ள எந்தப் பயனரும் திறந்து பார்க்க முடிந்தது. பழைய நிறுவலை ஆண்டுக்கணக்காகப் புதுப்பித்துக்கொண்டே வருபவர்களின் கோப்புறைகள் இன்னும் அப்படியே இருக்கக்கூடும். "மற்றவர்கள்" என்ற பிரிவுக்கு உள்ள அனுமதியை நீக்கிவிட்டால் போதும்.

மேலே ஏறுவதும் கீழே இறங்குவதும்

வேறொரு பயனராக நிரலை இயக்குவது என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ரூட்டாக இயக்குவது. ரூட்டின் அதிகாரத்தைக் கடன் வாங்கித் தரும் சூடோ கட்டளையை முன்னால் போட்டு ஒரு நிரலைத் திறப்பது மேலே ஏறுவது. நான் சொன்ன விருந்தாளிக் கணக்கு கீழே இறங்குவது. இரண்டுக்கும் ஆபத்துகள் வேறு வேறு.

மேலே ஏறுவதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நானே அடிபட்ட இடம் அது. லினக்ஸ் பழகத் தொடங்கிய புதிதில், அமைப்புக் கோப்பு ஒன்றைத் திருத்துவதற்காக வரைகலை உரைத்திருத்தியை ரூட்டாகத் திறந்தேன். திருத்தினேன், சேமித்தேன், கணினியை அணைத்தேன். மறுநாள் கடவுச்சொல்லைச் சரியாகத் தட்டியும் உள்நுழைவுத் திரை ஒரு கணம் மறைந்து மீண்டும் அதே திரையாக வந்து நின்றது. எத்தனை முறை முயன்றாலும் அதே கதை. கணினியே போய்விட்டது என்று நினைத்து நடுங்கிப்போனேன். நடந்தது இதுதான்: ரூட்டாக இயங்கிய நிரல் என் முகப்புக் கோப்புறையையே தன் முகப்பாக எடுத்துக்கொண்டு, அங்கே இருந்த சில சிறு கோப்புகளை ரூட்டின் பெயரில் எழுதிவிட்டது. உள்நுழையும்போது திரையைத் திறக்கத் தேவையான ஒரு கோப்பு என்னாலேயே தொட முடியாத கோப்பாகிவிட்டது. அந்தக் கோப்பின் உரிமையை என் பெயருக்கு மாற்றியதும் எல்லாம் சரியாயிற்று. ஆனால் அதைக் கண்டுபிடிக்க ஒரு முழு இரவு போயிற்று.

வரைகலை நிரல் ஒன்றை ரூட்டாக இயக்காதீர்கள் என்று அனுபவசாலிகள் சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணமும் உண்டு. ஒரு சாளரத்தைத் திரையில் காட்ட எழுத்துரு, படம், பல மொழி உள்ளீடு, சாளரத்தின் தோற்ற வடிவம் என்று லட்சக்கணக்கான வரிகள் கொண்ட நிரல்தொகுப்புகள் உள்ளே வருகின்றன. அவற்றில் எங்கோ ஒரு பிழை இருந்தால், ரூட்டாக இயங்கும்போது அது ரூட்டின் பிழையாகிவிடும். இதற்காகவே, வரைகலை நிரல்களை ரூட்டாகத் திறக்க ஒரு காலத்தில் எல்லோரும் பயன்படுத்திய ஜிகேஎஸ்யூ என்ற கருவியை டெபியனும் உபுண்டுவும் 2018இல் நீக்கிவிட்டன. அமைப்புக் கோப்பைத் திருத்துவதற்கு ஒழுங்கான வழி ஒன்று சூடோவிலேயே இருக்கிறது. சூடோஎடிட் என்பது அதன் பெயர். அது கோப்பின் ஒரு தற்காலிக நகலை எடுத்து, திருத்தியை உங்கள் பெயரிலேயே திறந்து, நீங்கள் முடித்த பிறகு நகலை மட்டும் ரூட்டாகத் திருப்பி வைக்கும். பெரிய நிரல் கீழே நிற்கிறது. சின்ன வேலை ஒன்று மட்டும் மேலே போய்வருகிறது. போல்கிட் என்ற அமைப்பும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது: வட்டுகளை நிர்வகிக்கும் சாளரம் உங்கள் பெயரில் இருக்கும், வட்டை உண்மையில் தொடும் சிறு பின்னணிச் சேவை மட்டும் ரூட்டாக இருக்கும்.

இந்த இடைத்தரகர்களும் பிழை செய்வதுண்டு. போல்கிட்டைச் சேர்ந்த பிகேஎக்ஸெக் என்ற சிறு கருவியில் 2009இல் வெளிவந்த முதல் பதிப்பிலிருந்தே ஒரு குறை ஒளிந்திருந்தது. சாதாரணப் பயனர் எவரும் ரூட்டாக மாறிவிடக்கூடிய அந்தக் குறை 2022 ஜனவரியில்தான் வெளியே தெரிந்தது. புதுப்பிப்புகளை உடனுக்குடன் போடுங்கள் என்று சொல்வது வெறும் சடங்குப் பேச்சாக இருக்கக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

திரை ஏன் மறுக்கிறது

இனிக் கீழே இறங்குவோம். விருந்தாளிக் கணக்கை உருவாக்கிவிட்டீர்கள். உங்கள் திரையில் இருந்துகொண்டே, டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டி இயக்கும் சாளரத்தில், அந்தப் பயனராக மாறுகிறீர்கள். எழுத்து மட்டும் காட்டும் கட்டளைகள் எல்லாம் ஒழுங்காக ஓடுகின்றன. ஒரு சாளர நிரலைத் திறக்கிறீர்கள். திரையைத் திறக்க முடியவில்லை, அனுமதி தேவை என்று ஒரு பிழைச் செய்தி வந்து நிற்கிறது. பெரும்பாலோர் இதைக் கோளாறு என்று நினைத்து எரிச்சலடைகிறார்கள். உண்மையில் பூட்டு தன் வேலையைச் செய்திருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள எக்ஸ் விண்டோ சிஸ்டம் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1984இல் அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனத்தில் உருவானது. இன்று நாம் எக்ஸ்11 என்று சொல்லும் பதினோராம் வடிவம் 1987இல் வந்தது. இதில் திரை, விசைப்பலகை, சுட்டி மூன்றும் எக்ஸ் சர்வர் என்ற ஒரே நிரலின் கையில் இருக்கும். மற்ற நிரல்கள் எல்லாம் அந்த சர்வரிடம் போய், எனக்கு ஒரு சாளரம் வரைந்து கொடு, இந்த எழுத்தை இங்கே காட்டு என்று கேட்டு வாங்கிக்கொள்ளும். கேட்பதற்கு ஒரு வாசல் உண்டு. அதற்கு சாக்கெட் என்று பெயர். வாசலில் அடையாளம் காட்ட ஒரு ரகசிய எண் வேண்டும். 128 பிட் நீளமுள்ள, யாராலும் ஊகிக்க முடியாத அந்த எண்ணை மேஜிக் குக்கி என்கிறார்கள். உள்நுழையும்போது உருவாகும் அந்தக் குக்கி, நீங்கள் மட்டும் படிக்கக்கூடிய ஒரு கோப்பில் வைக்கப்பட்டிருக்கும். விருந்தாளியால் அந்தக் கோப்பைப் படிக்க முடியாது. அதனால்தான் கதவு திறக்கவில்லை.

இந்த இடத்தில் தேடிப் பார்ப்பவர்களுக்கு உடனே கிடைக்கும் ஆலோசனை ஒன்று உண்டு: எக்ஸ்ஹோஸ்ட் என்ற கட்டளையோடு ஒரு கூட்டல் குறியைப் போடு, எல்லாம் சரியாகிவிடும். ஆம், நிரல் திறந்துகொள்ளும். ஆனால் அந்த ஒற்றைக் கூட்டல் குறிக்குப் பொருள், வாசலில் இனி யாரையும் எதுவும் கேட்காதே என்பது. விருந்தாளி மட்டுமல்ல, கணினியில் பின்னணிச் சேவைகளுக்காக இருக்கும் கணக்குகள் உட்பட எல்லோரும் உள்ளே வரலாம். இன்றைய எக்ஸ் சர்வர்கள் இயல்பாக வலையமைப்பில் கேட்டுக்கொண்டிருப்பதில்லை என்பதால் ஆபத்து அந்தக் கணினிக்குள் அடங்கும். யாராவது வலையமைப்பு வழியைத் திறந்து வைத்திருந்தால் அதுவும் இல்லை. இந்த ஆலோசனையை அலட்சியமாகப் பிறருக்குச் சொல்பவர்கள் மீது எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. குறிப்பிட்ட ஓர் உள்ளூர்ப் பயனரை மட்டும் அனுமதிக்கும் வடிவமும் அதே கட்டளைக்கு உண்டு. அதைச் சொல்லிக்கொடுக்க அரை வரி கூடுதலாக எழுதினால் போதும்.

உள்ளே வந்தவர் எல்லாம் வீட்டுக்காரர்

சரி, விருந்தாளியை மட்டும் அனுமதித்துவிட்டோம். இப்போது பாதுகாப்பாக இருக்கிறோமா? இல்லை. இந்தக் கட்டுரையில் எதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எக்ஸ்11 வாசலில்தான் ஆளைச் சோதிக்கிறது. உள்ளே வந்துவிட்டால் எல்லா நிரல்களையும் ஒன்றாகவே நடத்துகிறது. உள்ளே இருக்கும் எந்த நிரலும், எந்தச் சாளரம் முன்னால் இருந்தாலும், விசைப்பலகையில் தட்டப்படும் ஒவ்வொரு விசையையும் கேட்க முடியும். முழுத்திரையையும் படம் பிடிக்க முடியும். நீங்கள் நகலெடுத்து கிளிப்போர்டில் வைத்திருப்பதைப் படிக்க முடியும். எல்லாவற்றையும்விட மோசமானது, விசை அழுத்தங்களைப் போலியாக உருவாக்கி மற்றொரு நிரலுக்கு அனுப்ப முடியும்.

கடைசியில் சொன்னதை ஒரு காட்சியாக நினைத்துப் பாருங்கள். விருந்தாளியின் பெயரில் ஒரு கெட்ட நிரல் ஓடுகிறது. உங்கள் கோப்புகளை அதனால் தொட முடியாது, கெர்னல் விடாது. ஆனால் திரையில் உங்கள் பெயரில் ஒரு டெர்மினல் திறந்திருக்கிறது. நீங்கள் நாற்காலியை விட்டு எழுந்து போனதும், அந்த நிரல் டெர்மினல் சாளரத்துக்கு ஒரு கட்டளையை எழுத்தெழுத்தாக "தட்டி" அனுப்புகிறது. டெர்மினலுக்கு அது உங்கள் விரலா, வேறு நிரலா என்று பிரித்தறிய வழியில்லை. கட்டளை உங்கள் பெயரில் ஓடுகிறது. கெர்னல் எண்களைச் சரிபார்க்கிறது; எல்லாம் சரியாகவே இருக்கிறது. கோப்புகளைச் சுற்றி எழுப்பிய சுவர் அப்படியே நிற்க, கள்வன் கூரை வழியாக இறங்கிவிட்டான்.

நம்பிக்கை வராவிட்டால் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். எக்ஸ்11 அமர்வில் எக்ஸ்இன்புட் என்ற கருவியை, எல்லா விசைகளையும் கவனிக்கும் சோதனை முறையில், ஒரு டெர்மினலில் ஓடவிடுங்கள். பிறகு உலாவியைத் திறந்து எதையாவது தட்டுங்கள். டெர்மினலில் ஒவ்வொரு விசையின் எண்ணும் வரிசையாக விழும். முதல்முறை இதைப் பார்த்தபோது, கடவுச்சொல் பெட்டியில் தோன்றும் கறுப்புப் புள்ளிகள் எவ்வளவு பொய்யான ஆறுதல் என்று எனக்குப் புரிந்தது. அந்தக் கருவிக்கு எந்தச் சிறப்பு அனுமதியும் தேவைப்படவில்லை.

எக்ஸை வடிவமைத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒரே ஆள், தான் நம்பும் நிரல்களை, பல கணினிகளிலிருந்து தன் ஒரே திரைக்கு வரவழைக்கும் உலகத்துக்காக அவர்கள் அதை வடித்தார்கள். முன்பின் தெரியாதவர் எழுதிய நிரலை நாளுக்கு நான்கு முறை இறக்கி இயக்கும் உலகம் பிறகுதான் வந்தது. பாதுகாப்பு ஆய்வாளர் ஜோவன்னா ருட்கோவ்ஸ்கா 2011இல் இந்தக் குறையை உரக்க எடுத்துச் சொன்னார். பயனர் கணக்குகள், நிரலை அடைத்து இயக்கும் சிறைப்பெட்டிகள் என்று எதை அடுக்கினாலும் திரையில் பிரிவினை இல்லையென்றால் பயனில்லை என்பது அவர் வாதம். அவர் முன்னின்று உருவாக்கிய க்யூப்ஸ் இயங்குதளம் ஒவ்வொரு வேலைக்கும் தனி மெய்நிகர் கணினியையே, அதாவது கணினிக்குள் மென்பொருளாக இயங்கும் இன்னொரு கணினியையே, ஒதுக்குகிறது. திரையில் தெரியும் சாளரங்களின் சட்டங்களுக்கு, அவை எந்த மெய்நிகர் கணினியைச் சேர்ந்தவை என்று காட்டும் வண்ணங்களைக் கொடுக்கிறது.

எக்ஸ்11இலேயே இதற்கு மருந்து தேடியவர்கள் இருந்தார்கள். 1996இல் வந்த ஒரு விரிவாக்கம், நம்பத்தகாத நிரல்களுக்கென்று தனி வகைக் குக்கி கொடுக்க வழி செய்தது. அந்தக் குக்கியோடு வரும் நிரல் மற்றவர் விசைகளைக் கேட்க முடியாது. ஆனால் பல நவீன நிரல்கள் அந்தக் கட்டுப்பாட்டுக்குள் தடுமாறின, சில நின்றே போயின. அதனால் அது பரவவில்லை.

அப்படியானால் என்ன செய்வது

புதியவர் ஒருவருக்கு நான் முதலில் சொல்லும் வழி மிகச் சாதாரணமானது: தனி அமர்வு. பயனரை மாற்று என்ற தேர்வை அழுத்தி, விருந்தாளியாக முழுமையாக உள்நுழைந்து, அங்கே அந்த நிரலைத் திறங்கள். அந்த அமர்வுக்குத் தனித் திரைச் சர்வர், தனி விசை ஓட்டம், தனி கிளிப்போர்டு. இரண்டு அமர்வுகளுக்கும் நடுவே கண்ட்ரோல், ஆல்ட் விசைகளோடு ஒரு எஃப் விசையை அழுத்தி மாறிக்கொள்ளலாம். எந்தக் கட்டளையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், எந்தப் பூட்டையும் தளர்த்த வேண்டாம். இரண்டு சாளரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது என்பதுதான் குறை. அந்தக் குறையைப் பொறுத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

பக்கத்தில் பக்கத்தில் வேண்டியே தீரும் என்றால் உள்திரை முறை இருக்கிறது. செஃபிர் என்ற நிரல், உங்கள் திரையில் ஒரு சாளரமாகத் திறக்கும். அந்தச் சாளரத்துக்குள் அதுவே ஒரு முழு எக்ஸ் சர்வராக நடந்துகொள்ளும். அதற்கென்று புதிய குக்கி ஒன்றை உருவாக்கி, அதை மட்டும் விருந்தாளிக்குக் கொடுக்கிறீர்கள். விருந்தாளியின் நிரல் அந்த உள்திரையோடு மட்டுமே பேசும். அந்தச் சாளரத்தில் நீங்கள் தட்டுவது மட்டுமே அதன் காதில் விழும். உங்கள் உண்மைத் திரையின் குக்கியை எக்காரணம் கொண்டும் கொடுக்கக் கூடாது. அதை நகலெடுத்துக் கொடுத்தால் இந்த ஏற்பாடு முழுவதும் வீண். எக்ஸ்ப்ரா என்ற இன்னொரு கருவியும் இதே வேலையைச் செய்கிறது. ஒவ்வொரு சாளரத்தையும் தனித்தனியாக உங்கள் திரையில் காட்டுவதால் பார்வைக்கு இயல்பாக இருக்கும்.

வேலண்ட் வந்த பிறகு

இவ்வளவும் படித்துவிட்டு, என் கணினியில் வேலண்ட் அல்லவா ஓடுகிறது என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. எக்ஸுக்கு மாற்றாகக் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் 2008இல் தொடங்கிய திட்டம் அது. 2016 நவம்பரில் வந்த ஃபெடோரா 25 என்ற லினக்ஸ் பதிப்பு அதை இயல்பான தேர்வாக்கியது. இன்று பெரும்பாலான புதிய நிறுவல்களில் அதுவே இருக்கிறது.

வேலண்ட் முறையில் ஒரு நிரலுக்குத் தன் சாளரத்துக்கு வரும் விசைகள் மட்டுமே கிடைக்கும். மற்றவர் சாளரத்தைப் படம் பிடிக்க அதற்கு இயல்பான வழி இல்லை. திரையைப் பகிர வேண்டுமென்றால் உங்களைக் கேட்கும் ஒரு பெட்டி வரும். வாசலும் இடம் மாறிவிட்டது. உங்கள் பயனர் எண்ணின் பெயரிலேயே உள்ள, நீங்கள் மட்டும் நுழையக்கூடிய ஒரு கோப்புறைக்குள் அதன் சாக்கெட் இருக்கிறது. ஆகவே விருந்தாளியால் வாசல்வரைகூட வர முடியாது. சிலர் இதைச் சுற்றிப்போக அந்தக் கோப்புறையின் அனுமதியையே எல்லோருக்கும் திறந்துவிடுகிறார்கள். அதே கோப்புறையில் ஒலிக்கான வாசலும், நிரல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் டி-பஸ் வாசலும் இருக்கின்றன என்பதால் அது தவறான வழி.

வேலண்டில் ஓர் உள்கதை உண்டு. பழைய எக்ஸ் நிரல்களுக்காக எக்ஸ்வேலண்ட் என்ற ஒரு எக்ஸ் சர்வர் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். அதனோடு இணைந்த நிரல்கள் எல்லாம் தங்களுக்குள் பழைய எக்ஸ் விதிகளின்படியே வாழ்கின்றன. ஒன்றையொன்று ஒட்டுக்கேட்க முடியும். முன்பு சொன்ன எக்ஸ்இன்புட் சோதனையை வேலண்டில் செய்து பார்த்தால் இது தெளிவாகும். புதிய வகை நிரல்களில் தட்டும்போது டெர்மினல் மௌனமாக இருக்கும். பழைய எக்ஸ் நிரல் ஒன்றுக்குள் போய்த் தட்டியதும் விசைகள் விழத் தொடங்கும். அதோடு, சில வேலண்ட் சூழல்கள் திரைப்பிடிப்புக்கான கூடுதல் வசதிகளைக் கேள்வி கேட்காமல் எல்லா நிரல்களுக்கும் கொடுக்கின்றன. உங்கள் சூழல் எந்த வகை என்பதைச் சோதித்துத் தெரிந்துகொள்வது நல்லது.

பக்கவாட்டு வாசல்கள்

திரையைத் தவிர வேறு சில சின்ன வாசல்களும் உண்டு. அவற்றில் ஒன்று பலருக்கும் வியப்பளிக்கும்: நீங்கள் பயனரை மாற்றப் பயன்படுத்திய அதே டெர்மினல். உங்கள் டெர்மினலிலிருந்து விருந்தாளியாக மாறி ஒரு நிரலை இயக்கினால், அந்த நிரலும் உங்கள் டெர்மினலும் ஒரே முனையத்தை, அதாவது எழுத்துகள் உள்ளே போய் வெளியே வரும் ஒரே வழியை, பகிர்ந்துகொள்கின்றன. நீங்கள் தட்டியதுபோலவே எழுத்துகளை அந்த முனையத்தின் உள்ளீட்டில் திணிக்க லினக்ஸில் ஒரு பழைய வசதி இருந்தது. விருந்தாளியின் நிரல் எழுத்துகளைத் திணித்துவிட்டு முடிந்துபோனால், அவற்றை உங்கள் டெர்மினல் உங்கள் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். 2023இல் வந்த லினக்ஸ் 6.2 இந்த வசதியை அணைத்துவைக்க வழி கொடுத்தது. அதே ஆண்டு வந்த சூடோ 1.9.14, தான் இயக்கும் நிரல்களுக்குத் தனி முனையத்தை இயல்பாகவே உருவாக்கித் தரத் தொடங்கியது. பழைய கணினிகளில் இந்தக் காப்பு இருக்காது. தனி அமர்வில் உள்நுழையும் வழியை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒலி பெரும்பாலும் வேலை செய்யாது. ஒலிச் சேவை வேறு பயனரை ஏற்காது. அது நல்லதே. ஒலிபெருக்கிக்கு வழிவிட்டால் ஒலிவாங்கிக்கும் வழி திறக்கலாம்.

வலையமைப்பு வேறு விஷயம். விருந்தாளியின் நிரலுக்கு உங்கள் கோப்பு கிடைக்காது, ஆனால் இணையம் முழுமையாகக் கிடைக்கும். வீட்டில் உள்ள மற்றக் கருவிகளோடும் அது பேசலாம். வலையமைப்புப் போக்குவரத்தை வடிகட்டும் லினக்ஸின் தீச்சுவரில் குறிப்பிட்ட பயனர் எண்ணிலிருந்து வெளியே போகும் போக்குவரத்தை மட்டும் தடுக்கும் விதியை எழுத முடியும். தனிக் கணக்கு வைத்திருப்பதன் பெரிய நன்மைகளில் இதையும் சேர்ப்பேன்: ஒரே வரியில், அந்த நிரல் மட்டும் இணையமில்லாத தீவாகிவிடும்.

ஃப்ளாட்பேக், ஃபயர்ஜெயில் போன்ற சிறைப்பெட்டிகள் உங்கள் பெயரிலேயே நிரலை இயக்கி, அதன் கண்ணில் படும் கோப்புகளைக் குறைக்கின்றன. வசதியானவை. ஆனால் எக்ஸ் வாசலை உள்ளே விட்டால் அவற்றுக்கும் இதே கூரை ஓட்டைதான். கெர்னலிலேயே பிழை இருந்தால் சிறைப்பெட்டியும் தனிக் கணக்கும் சேர்ந்தே உடையும். அந்த அளவுக்கு அச்சப்பட வேண்டிய நிரல் என்றால் மெய்நிகர் கணினிதான் சரியான இடம்.

விண்டோஸில் வேறு பயனராக நிரலை இயக்கும் வசதி விண்டோஸ் 2000இலேயே வந்தது. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு வலது சொடுக்கினால் இன்றும் அந்தத் தேர்வைப் பார்க்கலாம். 2007இல் விஸ்டாவோடு வந்த ஏற்பாடு, தாழ்ந்த நம்பிக்கைத் தரத்தில் உள்ள நிரல் உயர்ந்த தரத்தில் உள்ள சாளரத்துக்குப் போலி விசைகளை அனுப்புவதைத் தடுக்கிறது. நிர்வாகி அனுமதி கேட்கும்போது திரை முழுவதும் மங்குவதும் இதற்காகத்தான். அந்தப் பெட்டி மற்ற நிரல்கள் தொட முடியாத தனித் திரையில் காட்டப்படுகிறது. ஆனால் இந்தத் தடுப்பு தரத்தைப் பார்க்கிறது, பயனர் பெயரைப் பார்ப்பதில்லை. ஒரே தரத்தில், ஒரே திரையில் ஓடும் இரண்டு பயனர்களின் நிரல்களுக்கு நடுவே அது சுவராக நிற்பதில்லை. ஆகவே அங்கும் தனி அமர்வே என் தேர்வு.

கோப்பு கைமாறும் இடம்

இத்தனை ஏற்பாட்டுக்குப் பிறகும் பலர் சறுக்குவது ஒரு சாதாரண இடத்தில். விருந்தாளியின் நிரல் ஏதோ ஒரு கோப்பை உருவாக்குகிறது. அது உங்களுக்கு வேண்டும். எடுத்துவருவதற்காக உங்கள் முகப்புக் கோப்புறையை அந்தப் பயனருக்குத் திறந்துவிடாதீர்கள். இரண்டு பயனர்களும் சேர்ந்த ஒரு குழுவை உருவாக்கி, அந்தக் குழுவுக்கு மட்டும் உரிமையுள்ள ஒரு பொதுக் கோப்புறையை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். விருந்தாளி அங்கே வைப்பார். நீங்கள் அங்கிருந்து எடுப்பீர்கள்.

எடுத்த கோப்பை எங்கே திறக்கிறீர்கள் என்பதையும் யோசியுங்கள். நம்பத்தகாத நிரல் கொடுத்த ஆவணத்தை உங்கள் பெயரில், உங்கள் அலுவலக நிரலில், ஆவணத்துக்குள்ளேயே இருந்து ஓடும் சிறு நிரல்களான மேக்ரோக்களை அனுமதித்துத் திறந்தால், விருந்தாளியைத் தனி அறையில் வைத்துவிட்டு அவர் கட்டிக்கொடுத்த மூட்டையைப் பிரிக்காமல் உங்கள் அறைக்குள் தூக்கி வந்ததற்குச் சமம். படமோ எழுத்தோ மட்டும் வேண்டுமென்றால் விருந்தாளியின் அமர்விலேயே அதைத் திறந்து, வெறும் உரையாகவோ படமாகவோ மாற்றிச் சேமித்து, அந்த எளிய வடிவத்தை மட்டும் பொதுக் கோப்புறைக்கு அனுப்புங்கள். மூலக் கோப்பு விருந்தாளியின் கணக்கிலேயே இருக்கட்டும்; வேலை முடிந்ததும் அந்தக் கணக்கை அதன் முகப்புக் கோப்புறையோடு சேர்த்து நீக்கிவிடலாம்.